அதிர்வின் வேகம் (மி.மீ./வினாடி) குறைவு என்றால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

"வைப்ரேஷன் 2 மி.மீ./வினாடிக்குள் இருந்தால் பேரிங்கில் கோளாறே இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி மெஷினை அப்படியே ஓட விட்டுவிடாதீர்கள்.

அந்த அளவீடு பேலன்ஸ், அலைன்மென்ட் கோளாறுகளுக்குச் சரி. மெஷின் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 10816 (இப்போது ஐஎஸ்ஓ 20816) தர முறையில் பொதுவாக 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறோம். பேரிங் வளையத்தில் சின்னக் குழி விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைத் தாண்டும்போது சுத்தியலால் தட்டியதுபோல ஒரு அதிர்வு எழும். அது முதலில் தெரிவது பல ஆயிரம் ஹெர்ட்ஸில். 3000 ஹெர்ட்ஸில் அதிர்வின் முடுக்கம் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) இருந்தாலும், அதை மி.மீ./வினாடி கணக்குக்கு மாற்றினால் சுமார் அரை மி.மீ./வினாடிதான் வரும். உங்கள் மீட்டர் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

என்வலப் ஸ்பெக்ட்ரம் (அந்தத் தட்டல்கள் வினாடிக்கு எத்தனை முறை வருகின்றன என்று காட்டும் வரைபடம்) எடுத்துப் பாருங்கள். 6205 பேரிங், நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். தண்டின் வேகம் 25 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 25 சுற்று. வெளி வளையத்தில் குழி என்றால் தண்டின் வேகத்தைப் போல 3.58 மடங்கில், அதாவது 90 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கோடு நிற்கும். உள் வளையம் என்றால் சுமார் 135. அதன் இருபுறமும் 25 ஹெர்ட்ஸ் தள்ளித் துணைக் கோடுகளும் வரும். குண்டுகள் கொஞ்சம் வழுக்கும் என்பதால் ஓரிரு ஹெர்ட்ஸ் முன்பின் இருக்கலாம்.

"கிரீஸ் போட்டேன், ரீடிங் இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது" என்று இன்னொருவர் சொல்வதும் ஆபத்து. கிரீஸ் சத்தத்தைச் சில நாள் அமுக்கும், குழியை மூடாது.