'யார் வந்தா நமக்கென்ன'ன்னு சொன்ன பெரியவருக்கு

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். வீடியோதான் டெல்லித் தமிழ் குரூப் ஒண்ணு விடாம சுத்துதே. அமெரிக்க அதிபர் மாறினா மத்த நாட்டு மக்களுக்கு என்ன ஆகும்னு நான் பேசிக்கிட்டிருந்தப்ப, பாதியில மைக்கை வாங்கி, "அமெரிக்காவுல ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன, உனக்கெதுக்கும்மா"ன்னார் பெரியவர். கைதட்டினவங்கள்ல பாதிப் பேர் என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருக்கீங்க. சந்தோஷம்.

அங்க முடிக்க விடாததை இங்க முடிச்சுக்கறேன். வித்தியாசம் இருக்கு சார். அதிபர் மாறினா வித்தியாசம் இருக்கு.

2021 பிப்ரவரி 1, மியான்மர்ல (அதான் பழைய பர்மா) ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. அதே மாசம் பைடன் தளபதிகள் மேல தடை போட்டார். 2025 ஜூலையில ட்ரம்ப், 40 சதவீதம் வரின்னு அந்த ராணுவத் தலைவர் மின் ஆங் லைங் பேருக்கே கடிதம் அனுப்பினார். வரி போட்ட கடிதத்தை அந்த மனுஷன் கல்யாணப் பத்திரிகை மாதிரி வாங்கி, புகழ்ந்து பதில் எழுதினார். அந்த மாசமே ராணுவத்துக்கு வேண்டப்பட்ட சிலர் மேல இருந்த தடை போயிடுச்சு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையாம். சரி, நம்பிட்டோம்.

இது ஏதோ தூர தேசத்துக் கதை இல்ல. நான் இருக்கறது ஜனக்புரி. விகாஸ்புரிக்கு நடந்தே போயிடலாம். அங்க ஒண்டுக்குடித்தனத்துல பர்மாவிலேர்ந்து தப்பி வந்த சின் இன மக்கள் இருக்காங்க. "நார்த் ஈஸ்ட் பொண்ணுங்க"ன்னு நினைச்சுக் கடந்து போயிருப்பீங்க. என் புடவைக்கெல்லாம் ஃபால்ஸ் தச்சுத் தர்ற அக்கா அவங்கள்ல ஒருத்தர். ஐ.நா. அகதி அட்டை, இன்டர்வியூ, மெடிக்கல் எல்லாம் முடிஞ்சு 2025 பிப்ரவரியில அமெரிக்கா கிளம்பறதா இருந்தது. புத் பஜார்ல, அதான் புதன்கிழமை சந்தையில, பேரம் பேசி சக்கரம் வெச்ச பெட்டி வாங்கினோம், நானும் கூடப் போயிருந்தேன். ஜனவரி 20, ட்ரம்ப் பதவியேத்த அன்னிக்கே அகதிகளை ஏத்துக்கற திட்டத்தை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். போன வாரம் போனப்ப பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. கைப்பிடியில சுத்தின பிளாஸ்டிக்கைக் கூடப் பிரிக்கல. உள்ள ரஜாய், அதான் குளிர்காலப் பஞ்சுப் போர்வை, அடைச்சு வெச்சிருக்காங்க. மெடிக்கல் ரிப்போர்ட் காலாவதி ஆகிடுச்சாம்.

இவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க, யார் வந்தா என்னன்னு.

"ஒபாமா மட்டும் யோக்கியமா?"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டார். நான் எப்ப சொன்னேன்? 2016ல மியான்மர் மேல இருந்த தடைகளை எடுத்தது அவர்தான். அடுத்த வருஷமே அந்த நாட்டு ராணுவத்துக்குப் பயந்து 7 லட்சத்துக்கு மேல ரோஹிங்யா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினாங்க. பத்திரிகையாளர் கஷோகி கொலைக்காக சவூதியை ஒதுக்கி வைப்பேன்னு வீரம் பேசின பைடன், 2022ல ஜெட்டாவுக்கே போய் இளவரசரோட முஷ்டியை முட்டினார். எல்லாம் எனக்கும் தெரியும். எண்ணெய், ஆயுதம், சீனா. இந்தக் கணக்கு எவர் வந்தாலும் மாறாது. அதுக்காக எல்லாரும் ஒண்ணுன்னு ஆயிடுமா? "அமெரிக்க அடிவருடி"ன்னு எழுதினவருக்குப் பதில் கிடையாது, பிளாக் பண்ணியாச்சு.

"இந்தியாவைப் பத்திப் பேச தைரியம் இருக்கா?" இருக்கே. 2010ல அப்போ பர்மாவை ஆண்ட தளபதி 'தான் ஷ்வே'யைக் கூப்பிட்டு ராஜ்காட்ல மலர்வளையம் வைக்க விட்டது நாமதான். காந்தி சமாதியில, பர்மா சர்வாதிகாரி! அங்க ஜனநாயகத்துக்காகப் போராடின ஆங் சான் சூகி படிச்ச லேடி ஸ்ரீராம் கல்லூரியும் இதே ஊர்லதான் இருக்கு.

எனக்கெதுக்குன்னு கேட்டீங்க இல்ல? எங்கப்பா ரங்கூன்ல பொறந்தவர். ராணுவத் தளபதி நே வின் 1962ல ஆட்சியைப் பிடிச்சான். 1964 மே மாசம் 50, 100 கியாத் நோட்டு செல்லாதுன்னுட்டான். தாத்தாவோட அரிசிக் கடை அதுக்கு முன்னாடியே கைவிட்டுப் போயாச்சு. கப்பல் ஏறும்போது பாட்டியோட தோட்டைக் கழட்டிக்கிட்டாங்க. சாகற வரைக்கும் பாட்டி காதுல வேப்பங்குச்சிதான். அதே நே வினை 1966ல அமெரிக்க அதிபர் ஜான்சன் வெள்ளை மாளிகையில வரவேத்து உபசரிச்சார். இது என் வாதத்துக்கே எதிர்சாட்சின்னு எனக்கே தெரியுது. எழுதாம இருக்க முடியல.

கடைசியா ஒண்ணு, இதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. 2012ல இலங்கைக்கு எதிரா ஜெனிவாவுல, ஐ.நா. மனித உரிமை கவுன்சில்ல, அமெரிக்கா தீர்மானம் கொண்டு வந்தப்ப லட்டு கொடுத்தது யார்? இதே பெரியவர்தானே? நானும் ரெண்டு வாங்கித் தின்னேன். 2018ல அந்த மனித உரிமை கவுன்சிலை விட்டே ட்ரம்ப் அமெரிக்காவை வெளிய கூட்டிட்டுப் போனப்ப, சத்தத்தையே காணோமே? நம்ம ஜனம்னா யார் ஆள்றாங்கன்னு பாக்கணும், சின் அக்கான்னா ராமனும் ராவணனும் ஒண்ணா?

அடுத்த கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கு. கோலப்போட்டிக்கு நடுவரா இருக்கணுமாம். மைக் கிடையாதாம்.