நாற்பத்தொரு பேருக்கும் ஒரே முகவரியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் மசாலாக் கடையின் தீபாவளி ஆர்டர்கள் குழு மின்னஞ்சலுக்கு வருகின்றன. அங்கிருந்து வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் தானாகவே பதிந்துகொள்ள வேண்டும். ஆனால் அனுப்புநர் முகவரி போலியா என்று பார்க்கும் டிமார்க் (DMARC) சோதனையில் கடிதம் தடைபடக்கூடாதென்று, குழு மின்னஞ்சல் பலருடைய அனுப்புநர் முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியை வைக்கிறது. மென்பொருளோ சாட்ஸ்வர்த் அம்மாவையும் ஃபீனிக்ஸ் ஐயாவையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோவிலையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது. உண்மையான முகவரி பதிலுக்கான (Reply-To) வரியில் கண்ணெதிரே இருக்கிறதே, அதைப் படிக்க என்ன கேடு? நேற்று இரவு 11 மணிவரை, ஒரே பெயரின் கீழ் குவிந்த 41 ஆர்டர்களைக் கையால் பிரித்தேன். ஒரு முறுக்கு ஆர்டர் இன்னும் யாருடையதென்று தெரியவில்லை. ஒருவர் 'இனி விளம்பரம் அனுப்பாதீர்கள்' என்றால் யாரை நீக்குவது? நீக்காவிட்டால், 2021 ஜூலை 1 முதல் இங்கே முழுமையாக நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு மென்பொருளா வந்து பதில் சொல்லும்?