அந்தக் கைப்பிடி முழுதாகத் திரும்பியிருக்கலாம்

"தனியாகப் பார்க்க முடியாத படம்" என்று வெளியீட்டுக்கு முன்பிருந்தே கொண்டாடப்பட்ட பேய்ப்படம் ஒன்றை நேற்றிரவு பார்த்துவிட்டு, பெரும் ஏமாற்றத்தோடு திரும்பினேன். சிறுவயதிலிருந்தே பேய்ப்படங்களை விரும்பிப் பார்ப்பவன் என்பதால் இது எனக்குச் சற்று வலிக்கவே செய்கிறது.

தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. குழந்தை உறங்கும் அறையின் கதவுக் கைப்பிடி, வெளியே யாரும் இல்லாதபோது, ஓசையின்றி மெல்லத் திரும்பத் தொடங்குகிறது. கேமரா அசையவில்லை, இசை இல்லை, அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. ஆனால் கைப்பிடி பாதி திரும்புவதற்குள் காதைப் பிளக்கும் ஓசையுடன், வெளிறிய விழிகளும் கிழிந்த வாயுமாக அந்த உருவம் திரையை நிறைத்துவிட்டது. உடல் தூக்கிவாரிப்போட்டது உண்மைதான்; மனத்தில் அதுவரை சேர்ந்திருந்த பயமோ அந்த நொடியே வடிந்துபோனது. அதன் பிறகு படம் முழுக்க அமைதி, கதவு, அலறல் என்ற அதே வரிசைதான். மூன்றாவது முறை, எனக்கு முன்னால் அமர்ந்திருந்தவர் ஓசை வருவதற்கு முன்பே காதுகளைப் பொத்திக்கொண்டார்.

திடுக்கிட வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1942இல் ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் தனியே நடந்துபோகும் பெண்ணை இன்னொருத்தி பின்தொடர்வாள். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடியோசை நின்றுவிடும், அவள் பதறி விரைவாள், அப்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது வெறும் பேருந்துதான். அந்தச் சீற்றம் நம்மை உலுக்குவதற்குக் காரணம், அதற்கு முன் நம்மைக் காக்க வைத்த அந்த நீண்ட நடை. ஏறத்தாழ 15,000 டாலரில் எடுக்கப்பட்ட 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' (2007), உறங்கும் இருவரையும் திறந்திருக்கும் ஒரு கதவையும் அசையாத கேமராவில் காட்டியே நம்மை நடுங்க வைத்தது.

இந்தப் படத்துக்குச் செய்யப்பட்ட விளம்பரமும் அதன் பயத்தைத் தின்றுவிட்டது. பேயின் முகத்தை முன்னோட்டத்திலேயே முழுதாகக் காட்டிவிட்டார்கள். எதைக் காணப்போகிறோம் என்ற கேள்வியே இல்லாமல்தான் அரங்குக்குள் நுழைந்தோம். முன்கூட்டியே பார்த்துவிட்டுப் புகழ்ந்து தள்ளியவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு, அவர்களில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பயமுறுத்தத் தெரியாத இயக்குநர் அல்லர் இவர். அந்தக் கைப்பிடியை எடுத்தவரும் அவரே. இன்னும் பத்து நொடி அவர் பொறுத்திருந்தால், கதவு திறந்து வெளியே யாருமே இல்லாமல் இருந்திருந்தால், நேற்றிரவு நான் உறங்கியிருக்க மாட்டேன்.