‘வீட்டுக்கு ஆறேழு பிள்ளை’ என்பது தவறு

அண்ணே, பழங்குடியினர் இன்னமும் வீட்டுக்கு ஆறேழு பிள்ளை பெறுறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது உண்மை இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வுல 2005-06இல் பழங்குடிப் பெண்ணுக்குச் சராசரியா 3.12 குழந்தை. 2019-21 ஆய்வுல 2.09. மொத்த நாட்டுக்கே 2.0தான். பதினஞ்சு வருஷத்துல ஒரு குழந்தை குறைஞ்சிருக்கு, சாதாரண மாற்றமா இது?

நாம பேச வேண்டியது வேற. அதே 2019-21 ஆய்வுல, பிறக்கிற ஆயிரம் பழங்குடிக் குழந்தைகள்ல ஏறக்குறைய 42 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே இறந்துடுறாங்க. நாட்டுச் சராசரி 35. தண்டையார்பேட்டையில இருந்து ரயில் ஏறினா கொஞ்ச நேரத்துல மீஞ்சூர், பொன்னேரி. அந்தப் பக்கம் இருளர் குடியிருப்புகள் இருக்கு. ஒருதரம் போய்ப் பேசிட்டு வந்து எழுதுங்கண்ணே.