ஃபிளாஷ் கார்ட் வாங்கும் முன், சேவ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. குளச்சல் பக்கம், கடலுக்கு அடுத்த தெரு. பெரியவர்கள் எல்லாம் கடற்கரைக்கும் கோவிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போன் எல்லாம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அப்போதுதான் அலமாரி மேல்தட்டிலிருந்து பழைய கேம்பாய் அட்வான்ஸை, கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கருவியை, எடுத்தேன். 2002 கிறிஸ்துமஸுக்கு பஹ்ரைனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. இரண்டு பென்சில் பேட்டரி போதும், மணிக்கணக்கில் ஓடும். திரைக்குள் விளக்கு கிடையாது என்பதால் பகலில் திண்ணையில் உட்கார்ந்துதான் விளையாட முடியும்.

போக்கிமான் சில்வர் கேம் கார்ட்ரிட்ஜைப் போட்டேன். புது ஆட்டம் தொடங்கு என்று மட்டும்தான் வந்தது. பழைய ஆட்டம் இல்லை. பத்தாம் வகுப்பு விடுமுறை முழுக்க உட்கார்ந்து சேர்த்தது அத்தனையும் போய்விட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கார்ட்ரிட்ஜில் சேவ், அதாவது நாம் விளையாடிச் சேமித்த ஆட்டம், இருப்பது எஸ்ரேம் என்ற நினைவகத்தில். அதற்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அதைத் தருவது உள்ளே இருக்கும் சிஆர்2025 பட்டன் பேட்டரி. கேமுக்குள் இருக்கும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரம் தீர்ந்துபோகும். தங்கச்சியின் போக்கிமான் ரூபியையும் போட்டுப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டது, கடிகாரம் சார்ந்த நிகழ்வுகள் நடக்காது என்று அதுவும் சொன்னது. ஆனால் அவள் ஆட்டம் அப்படியே இருந்தது. ரூபியில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான்.

மெமரி கார்டில் பல கேம்களைப் போட்டு ஒரே கார்ட்ரிட்ஜாக ஓட்ட உதவுவதுதான் ஃபிளாஷ் கார்ட். அன்றிலிருந்து அதைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பேசுவது சேவ் பற்றித்தான். கேட்பவர்களோ எத்தனை கேம் பிடிக்கும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மக்கா, கேம்பாய் கேம் ஒன்று ஒரு போட்டோ அளவுகூட வராது. எந்த மெமரி கார்டிலும் எல்லாமே பிடிக்கும். அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கேம்பாய் கேம்களுக்கு உக்ரைன்காரர் கிரிக்ஸ் செய்யும் ஃபிளாஷ் கார்டான எவர்டிரைவ் ஜிபி வரிசையைப் பாருங்கள். எக்ஸ்3-ல் கேமுக்குள் சேவ் செய்த பிறகு ரீசெட் பட்டனை அழுத்தி மெனுவுக்கு வந்தால்தான் அது மைக்ரோ எஸ்டிக்குப் போகும். அழுத்தாமல் அணைத்தால் சேவ் போச்சு. எனக்கு இது ஒத்துவராது, சின்னப் பிள்ளைகளுக்கு நிச்சயம் ஒத்துவராது. எக்ஸ்5, எக்ஸ்7 இரண்டிலும் அந்த வேலை இல்லை. எக்ஸ்7-ல் கடிகாரமும், எந்த இடத்திலும் நிறுத்தி வைக்கும் சேவ் ஸ்டேட்டும் கூடுதலாக உண்டு. எனக்குக் கடிகாரம் முக்கியம், அதனால் காசு சேர்த்து எக்ஸ்7 எடுத்தேன். இன்றுவரை வருத்தப்படவில்லை.

அட்வான்ஸுக்கு ஈஇசட் ஃபிளாஷ் ஒமேகா டெஃபினிட்டிவ் எடிஷன். இதில் சேவ் எஃப்ரேம் சிப்பில் நிற்கிறது. மின்சாரமே இல்லாவிட்டாலும் அழியாது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். என் பழைய கார்ட்ரிட்ஜில் இருந்த குறையை நேராகப் போய்த் தீர்த்த வடிவமைப்பு இது. வீட்டில் ஒன்றே ஒன்று போதும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒன்று கவனியுங்கள், அசல் கார்ட்ரிட்ஜைவிட ஃபிளாஷ் கார்டுகள் மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும்.

நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வரும் ஆர்4 என்ற ஃபிளாஷ் கார்டின் போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதலில் வந்த ஆர்4-க்கு 2 ஜிபி வரைதான் கார்டு ஏற்கும். பிறகு வந்த போலிகள் பலவற்றில் குறிப்பிட்ட தேதி தாண்டினால் மென்பொருளே நின்றுபோகும்படி செய்து வைத்திருக்கிறார்கள். டிஎஸ்ஸின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்து ஓட்டுவார்கள், வேறு மெனு மென்பொருள் போட்டும் சரிசெய்வார்கள். ஆனால் ஒரு பிள்ளை ஆசையாகச் சேமித்ததை தேதி போட்டு முடக்குகிறவனின் பொருளை நான் எப்படிப் பரிந்துரைப்பது? ஆயிரம் கேம் நிரப்பித் தருகிறோம் என்று விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். அது திருட்டு. கையில் அசலாக இருப்பதைக் காப்பதற்கு நகல் எடுத்து வைக்க நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு இடம் தருகிறது. எனக்கு அது போதும். அப்புறம் ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாகத் தரும் புது கேம்களும் நிறைய இருக்கின்றன.

மைக்ரோ எஸ்டியில் நானே ஏமாந்தேன். ஒரு இணையக் கடையில் வாங்கிய 64 ஜிபி கார்டு, பரிசோதித்தால் 8 ஜிபிகூட இல்லை. அதற்குமேல் எழுதுவதெல்லாம் காணாமல் போகும். இப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளில் முழுசாக எழுதிப் படித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போடுகிறேன். 16 ஜிபியே தாராளம்.

இனி நம் மாவட்டத்துக்கு என்று ஒரு விஷயம். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, போதாததற்கு உப்புக்காற்று. மண்டைக்காடு, முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்று தெரியும். கார்ட்ரிட்ஜின் செம்புத் தகடுகளும் அதே பாடுதான், களிம்பு பிடித்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் இன்னும் கெடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பட்ஸில் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். அழகான தோல் பைகளெல்லாம் வாங்கிப் பார்த்தேன், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. இப்போது இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலமும்தான். இதைவிட நல்ல துணைக்கருவி நான் பார்க்கவில்லை.

கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றும்போது, மேலே அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். அசல் பேட்டரியே 600 எம்ஏஹெச்தான். அதே அளவு டப்பாவில் இரண்டு மூன்று மடங்கு தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். லேசாக உப்பியிருந்தாலும் தூக்கி வைத்துவிடுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜில் பட்டன் பேட்டரி மாற்ற நாகர்கோவிலில் செல்போன் பழுது பார்க்கும் தம்பிகளிடம் கொடுப்பவர்கள் இதை மட்டும் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றிய நொடியே எஸ்ரேமில் இருப்பது அழியும். அதற்கு முன்பே ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ மாதிரியான கருவியில் செருகி, சேவ் கோப்பைக் கணினிக்கு எடுத்துவிட வேண்டும். மாற்றுவதற்குத் தகடு ஒட்டியே வரும் பேட்டரி வாங்குங்கள். பேட்டரி மேலேயே நேராக ஈயம் பற்றவைக்க விடாதீர்கள், சூட்டில் வெடிக்கலாம்.

அந்தக் கருவி வந்த அன்றே தங்கச்சியின் ரூபியைச் செருகினேன். சேவ் மொத்தம் 128 கேபிதான். வாட்ஸப்பில் குவைத்துக்கு அனுப்பினேன், அவள் அங்கே நர்ஸ். இரவுப் பணி முடிந்து வந்து தன் ஒமேகாவில் போட்டுப் பார்த்திருக்கிறாள். காலையில் திரையைப் படமெடுத்து அனுப்பினாள். முதல் இடத்தில், எங்கள் வீட்டு நாய்க்கு இருந்த அதே பெயரில், அவள் பதினொரு வயதில் வளர்த்த போக்கிமான் நின்றுகொண்டிருந்தது.