சேட்டை பண்ணாத பிள்ளைக்கும் ஊசி

"அழுதா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்." தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை ஒன்று இருக்குமா? சோறு தின்னவில்லையா, ஊசி. உச்சி வெயிலில் கடற்கரைக்கு ஓடினாயா, ஊசி. பூச்சாண்டிக்குக்கூட இவ்வளவு வேலை கிடையாது. இந்த மிரட்டலை நிறுத்தச் சொல்லித்தான் எழுதுகிறேன். படித்தால் என் மதினிக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு காய்ச்சல். வறண்ட மாவட்டம்தான், ஆனாலும் டெங்குவுக்குக் குறைவில்லை. அந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றி மூடாமல் வைத்த நல்ல தண்ணீர் போதும். (குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் டிரம் எதற்கு என்பது தனிப் பதிவுக்கான சங்கதி.) அப்படி ஒரு காய்ச்சலில்தான் என் அண்ணன் மகளுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டர். யூகேஜி படிக்கிறாள். அண்ணன் கடலுக்குப் போயிருந்தான், மதினியும் நானும் கூட்டிப் போனோம்.

எந்த லேப் என்று கேட்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் இதுதான் கதை. "வலிக்கவே வலிக்காது பாப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஒருவர் காலைப் பிடித்தார், ஒருவர் தோளை அமுக்கினார். மதினியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் தட்டித் தட்டிப் பார்த்துக் குத்தினால் நரம்பு கிடைக்கவில்லை. காய்ச்சலில் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளைக்கு நரம்பு எங்கே தெரியும்? ஊசியை வெளியே எடுக்காமல் உள்ளேயே இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார்கள். பிறகு மறு கை. அப்புறம் புறங்கை. கவுனிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அழுது அழுது குரல் கம்மிப்போய் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அத்த, நான் ஒண்ணும் சேட்டை பண்ணலையே?"

அவளைப் பொறுத்தவரை அது தண்டனை. வேறு எப்படி நினைப்பாள்? சேட்டை பண்ணினால் ஊசி என்று நாம்தானே இத்தனை நாளும் பாடம் நடத்தியிருக்கிறோம். தப்பே பண்ணாமல் அடி வாங்குகிறோம், அம்மாவும் காப்பாற்ற வரவில்லை, வலிக்காது என்றதும் பொய். ஊசி குத்திய இடம் மறுநாளே ஆறிவிடும். இது அப்படி ஆறுகிற விஷயமா?

"ரெண்டு நிமிஷ அழுகை, விளையாடப் போனா மறந்துரும்" என்பார்கள் பெரியவர்கள். சரி, மனசை விடுங்கள், ரிசல்ட்டைப் பார்ப்போம். போராடிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக எடுத்த ரத்தம் குழாய்க்குள்ளேயே உறையலாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். கதறி அழுதாலே வெள்ளை அணுக்கள் தற்காலிகமாக ஏறும். எங்களுக்கும் சாயங்காலம் போன் வந்தது: "சாம்பிள் உறைஞ்சிருச்சு, திரும்ப எடுக்கணும்."

டெங்குவில் ஒரு தடவையோடு முடியாது. தட்டணுவையும் ரத்தத்தின் கெட்டித்தன்மையையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அதிலும் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்த தாய் அந்த நேரத்தில் என்ன சொல்வாள்? "காய்ச்சல்தான் விட்டுருச்சே, இனி எதுக்குக் குத்தணும்?" என் மதினியும் அதையேதான் சொன்னாள். அவளைச் சமாதானப்படுத்தி மறுபடி கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்த முறை வேறு இடம். அங்கே இருந்த நர்ஸம்மா பிள்ளையை மதினி மடியில், நெஞ்சோடு நெஞ்சாக உட்கார வைத்தார். ஒரு கை மட்டும் வெளியே. வெதுவெதுப்பான துணியால் கையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டார். "வலிக்கும் தங்கம். நீ பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். அழணும்னா அழு, கையை மட்டும் ஆட்டாத." ரெக்கை வைத்த சின்ன ஊசி, ஊதா மூடி போட்ட குட்டிக் குழாய். அழுதாள்தான். ஆனால் எண்ணிக்கொண்டே அழுதாள்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட ரத்தம் எடுக்கும் நெறிமுறையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. தாய் தகப்பன் விரும்பினால் எப்படிப் பிடித்துக்கொள்வது என்று அவர்களுக்கே சொல்லிக் கொடுக்கச் சொல்கிறது. தோலை மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பும் இருக்கிறது; டாக்டரிடம் கேட்டு ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். அவசரத்துக்கு உதவாது, அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டிய பிள்ளைகளுக்கு உதவும்.

"இம்புட்டு ரத்தத்தை உறிஞ்சினா புள்ளைக்கு என்ன மிஞ்சும்?" என்று வீட்டில் அப்பத்தா புலம்பினார். பதினைந்து கிலோ பிள்ளையின் உடம்பில் ஒரு லிட்டருக்கு மேலேயே ரத்தம் ஓடுகிறது. அணுக்களை எண்ண, குட்டிக் குழாயில் அரை மில்லி போதும்.

லேப்பில் வேலை பார்க்கும் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனமில்லை. வாசல் வரை கூட்டம், குறைந்த சம்பளம், பழக்கிவிட ஆள் இல்லை. என் சண்டை முதலாளிகளோடு. அந்தக் குட்டிக் குழாயையும் ரெக்கை ஊசியையும் வாங்கி வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒருவருக்கு இரண்டு தடவை நரம்பு கிடைக்கவில்லை என்றால் கை தேர்ந்த வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் என்ன?

அவர்களாகச் செய்யும்வரை நாம்தான் கேட்க வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், சின்ன ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.