சுருள் முடியை மட்டும் பார்த்து டெவன் ரெக்ஸ் பூனை எண்டு முடிவெடுக்காதீங்கோ

உப்புவெளியில விற்பனைக்குப் போட்ட பூனைக்குட்டியின்ர படத்துக்குக் கீழ, "முடி சுருண்டா டெவன் ரெக்ஸ்தான்" எண்டு எழுதியிருக்கிறீங்கள். பிழை. கோர்னிஷ் ரெக்ஸ், செல்கிர்க் ரெக்ஸ், லாபெர்ம் எண்ட பூனை இனங்கள் எல்லாத்துக்கும் முடி சுருளும்.

முதல்ல காதைப் பாருங்கோ. டெவனுக்கு அடி அகன்ற பெரிய காது, தலையில தாழ்வாக, பக்கத்துக்கு விரிஞ்சு நிக்கும். கன்ன எலும்பு புடைச்சிருக்கும், மூக்கு கட்டை. கோர்னிஷுக்குக் காது உச்சியில நிமிர்ந்து நிக்கும். முகம் முட்டை வடிவம், வயிறு ஒட்டி முதுகு வில்லு மாதிரி வளையும். தடவினா கரடுமுரடான மேல்முடியே கையில படாது. படத்தில இருக்கிறதோ உருண்டைத் தலை, கனத்த எலும்பு, அடர்ந்த முடி. செல்கிர்க் சாயல்தான் கூட, ஆனா படத்தை வைச்சு அதையும் உறுதியாச் சொல்லேலாது.

இன்னொண்டு: டெவனையும் கோர்னிஷையும் சேர்த்தா குட்டிகள் பொதுவா நேர்முடியோடதான் பிறக்கும். ரெண்டுக்கும் மரபணு வேறை. "ரெண்டும் ஒண்டுதான்" எண்டு விக்கிறவர் சொன்னா நம்பாதீங்கோ.

வாங்கப் போனா மீசையையும் பாருங்கோ. இந்த ரெக்ஸ் இனங்களில அது சுருண்டோ முறிஞ்சோ இருக்கும். நேரா நீண்டிருந்தா சந்தேகம்தான். உடம்பில வட்டமா முடி உடைஞ்சு செதில் உதிர்ந்தா அது இனமில்லை, படர்தாமரையா இருக்கலாம். ஆக்களுக்கும் தொற்றும், முதல்ல மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ.